ஊணும் ஊனும்

ஊண் என்றால் உணவு. ஊன் என்றால் தசை. டண்ணகரத்துக்கும் றன்னகரத்துக்கும் உள்ள வேறுபாடே இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. எழுத்துப் பிழை விடும் மாணாக்கன் ஒரு சுழியைக் குறைத்து ஊணை ஊனாக்கிவிடுகிறான். நமது உடம்பும் அவ்வளவு எளிதாக உண்ட ஊணை ஊனாக்கிவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மெலிந்த பையனைக் கண்டால் முட்டையும் பாலும் கொடுக்கச் சொல்லுகிறோம். தேகாப்பியாசக் கூடத்துக்குப் போகும் இளைஞர், புரதமா அடைத்த பெருந்தகரங்களை வாங்கி அடுக்குகின்றனர். நோயிலிருந்து எழுந்த தாய்க்குக் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் அதேபோன்ற மாவை வேறு பெயர் தாங்கிய தகரத்தில் அனுப்பிவைக்கின்றனர். கூடவே தொலைபேசியில், "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா இருங்கோ" என்றும் சொல்லுகின்றனர்.

அந்தத் தகரத்தையும் அந்தச் "சும்மா இருங்கோ" என்ற சொல்லையும் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். முன்னதிலே பாதி உண்மை உண்டு. பின்னதிலே அன்பு உண்டு. ஆனால் அந்த அன்பு எத்தனையோ முதியவர்களின் கால்களைப் பறித்திருக்கிறது. ஊணுக்கும் ஊனுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று நிற்கிறது. அதனை விஞ்ஞானிகள் கண்டுகொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று. வீடுகளில் நாம் இன்னும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில், தென் இத்தாலியிலிருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரிலே மைலோ என்றொரு மல்லன் வாழ்ந்தான். ஒலிம்பியாப் போட்டிகளில் ஆறு முறை மற்போரில் வென்றவன். அவனைப்பற்றி இரு கதைகள் வழங்கின. இளங்கன்று ஒன்றை அவன் நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் என்பது ஒன்று. கன்று வளர வளரச் சுமை வளர்ந்தது. சுமை வளர வளர அவன் தோளும் வளர்ந்தது. ஈற்றில் அது காளையான பின்னரும் அவன் அதனைச் சுமந்தான். மற்றக் கதையோ, நான்கு வயதுக் காளை ஒன்றை ஒலிம்பியாவில் மைதானத்தைச் சுற்றிச் சுமந்து வந்து, பின்னர் அதனை ஒரே நாளில் தான் ஒருவனாகவே உண்டு முடித்தான் என்பது. இவை நடந்தனவா என்பது நமக்கு வேண்டா. உலகம் சுமந்த கதையிலும் உண்ட கதையையே கூடுதலாக விரும்பிற்று என்பதே கவனிக்கத்தக்கது. 1934ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பெற்ற மாப்பானம் ஒன்றுக்கு அவன் பெயரையே இட்டனர். நமது அடுக்களைத் தட்டுகளில் இன்றும் அந்தப் பச்சைத் தகரத்தின் மேல் அந்த மல்லனின் பெயர் இருக்கிறது. பெயரைத் தகரத்தில் எழுதலாம். கன்றைத் தகரத்துள் அடைக்க முடியாது.

விஞ்ஞானிகளும் நெடுங்காலம் உண்ட கதையின் பக்கமே நின்றனர். 1838இல் ஒல்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் முல்டர், உயிர்ப்பொருள்களிற் பொதுவாகக் காணப்படும் நைதரசன் கொண்ட பொருளுக்குப் "புரோட்டீன்" என்ற பெயரை வழங்கினார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசு. முதன்மையானது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. (அதன் ஒலியையும் ஓரளவு பற்றிக்கொண்டு "புரதம்" என்று தமிழில் ஆக்கியவர்கள் நன்றாகவே ஆக்கினார்கள் என்பது என் எண்ணம்.) நான்கு ஆண்டுகளின் பின், 1842இல், ஜேர்மன் பேரறிஞர் லீபிக் ஒரு நூல் வெளியிட்டார். தசை வேலை செய்யும்போது தசைப்பொருளே அழிகிறது. அழிந்ததை ஈடுசெய்ய வல்லது புரதம் ஒன்றே. ஆகவே கடும் உழைப்பாளிக்கு வேண்டியது புரதம் மிகுந்த உணவே என்பது அவர் கொள்கை. லீபிக்கின் பெயருக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பு சொல்லுந்தரமன்று. 1865 முதல் அவர் பெயர் தாங்கிய இறைச்சிச் சாறு ஒரு கம்பனியால் உலகெங்கும் விற்கப்பட்டது. தகரம் அன்றே வந்துவிட்டது என்று சொல்லவேண்டும்.

அதே 1865ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30ஆம் நாள், சூரிச் நகரப் பேராசிரியர் இருவர் சுவிற்சர்லாந்தின் பவுல்ஹோர்ன் மலையில் ஏறினர். ஒருவர் உடற்றொழிலியல் அறிஞரான அடொல்ப் பிக். மற்றவர் இரசாயன அறிஞரான விசிலிசேனசு. இயற்கை அழகைக் காண ஏறியவர்கள் அல்லர். லீபிக்கின் கொள்கையைத் தம் சொந்த உடம்பிலே சோதித்துப் பார்க்க ஏறினர். முதல் நாள் நண்பகல் தொடக்கம் புரதம் சேர்ந்த உணவு எதனையும் அவர்கள் தொடவில்லை. மாப்பொருளைக் குழைத்துக் கொழுப்பிற் பொரித்த பலகாரமும் சீனி இட்ட தேநீருமே பெரும்பாலும் அவர்களது உணவு. பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து உச்சிவரை ஏறிய உயரம் 1956 மீற்றர். ஏறும்போதும், ஏறி முடித்து ஓய்ந்திருந்த பொழுதிலும் கழித்த சிறுநீரைத் துளி விடாமற் சேகரித்தனர். உடம்பிற் புரதம் எரிந்தால் அதன் நைதரசன் சிறுநீரில் வந்தே தீரவேண்டும். ஆகவே நைதரசனை அளந்தால் எரிந்த புரதத்தை அளந்ததாகும் என்பது அவர்களது உபாயம்.

கணக்கைப் பாருங்கள். பிக் தம் பொதிகளோடு 66 கிலோகிராம் நிறை. விசிலிசேனசு 76 கிலோகிராம். 66 கிலோவை 1956 மீற்றர் உயர்த்துவதென்றால் 129,096 கிலோகிராம்-மீற்றர் வேலை. அது உயரத்துக்கு மட்டுமான கணக்கு. இதயத்தின் துடிப்பு, மூச்சு, காலடி ஒவ்வொன்றிலும் வீணாகும் வலு எவையும் அதிற் சேரவில்லை. எரிந்த புரதமோ ஒவ்வொருவரிலும் ஏறத்தாழ 37 கிராம் மட்டுமே. 37 கிராம் புரதம் எரிந்தால் எவ்வளவு வலு கிடைக்கும் என்பதை அப்பொழுது எவரும் அளந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டில் இலண்டனில் எட்வேட் பிராங்லன்ட் என்னும் இரசாயன அறிஞர் அதனைக் கலமொன்றில் எரித்து அளந்தார். பிராங்லன்ட் வேறு யாருமல்லர். பிக்கின் சகோதரியை மணந்தவர். மைத்துனர் ஏறிய மலைக்கு மைத்துனர் கணக்குத் தீர்த்து வைத்தார் என்று சொல்லலாம். எரிந்த புரதம் முழுவதும் ஒரு சிறிதும் வீணாகாமல் வேலையாக மாறியிருந்தாலும், ஏறிய உயரத்தில் ஏறத்தாழப் பாதிக்கே போதுமாயிருந்திருக்கும்.

மீதிப் பாதியை ஏற்றியது எது? பலகாரமும் சீனியும் உடம்பிற் சேர்ந்திருந்த கொழுப்பும். தசை விறகு அன்று, அடுப்பு என்பது அன்று தெளிவாயிற்று. அடுப்பு எரிவதில்லை, அடுப்பில் விறகு எரிகிறது. உழைக்கும் மனிதனின் வலுவுக்குச் சோறே பெரும்பாலும் போதும். மாணாக்கருக்கு உடற்றொழிலியல் கற்பித்த காலத்தில் இந்த மலையேற்றத்தைச் சொல்லாமல் நான் அப்பாடத்தை முடித்ததில்லை. சூத்திரங்களை மறந்துவிட்ட பழைய மாணாக்கர் சிலர் இன்றும் தெருவிற் காணும்போது அந்தப் பலகாரத்தை நினைவுபடுத்துகின்றனர்.

அடுப்பு எரிவதில்லையாயினும் அதைக் கட்டக் களிமண் வேண்டும். புரதம் அந்தக் களிமண். எவ்வளவு வேண்டும் என்பதில் அடுத்த சண்டை எழுந்தது. மூனிச் நகரத்து வொய்ட், உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் என்றார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துச் சிற்றென்டன் அதனை ஏற்கவில்லை. 1903-1904இல் இராணுவ வைத்தியப் பிரிவைச் சேர்ந்த 13 பேரை வைத்துப் பல மாதங்கள் பரிசோதனை செய்தார். வொய்ட் சொன்ன அளவிற் பாதிக்கும் குறைவான புரதத்தையே அவர்கள் உண்டனர். மாதங்கள் கழிந்தபின் அளந்தபோது, அவர்களின் வலிமை குறையவில்லை, மிகக் கூடியிருந்தது! சிற்றென்டன் அப்பெருமையைக் குறைந்த உணவுக்கே கொடுத்தார். எனக்கோ அவர்களின் நாட்குறிப்பில் வேறொரு செய்தி பெரிதாகத் தெரிகிறது. அந்த வீரர்கள் தினந்தோறும் யேல் தேகாப்பியாசக் கூடத்தில் முறையான பயிற்சி பெற்று வந்தனர். அவர்களது கன்றுக்குட்டி அங்கே இருந்தது.

இதன் பின் வந்த ஒரு கண்டுபிடிப்பு, தசையைப்பற்றிய நமது எண்ணத்தையே புரட்டிவிட்டது. 1933இல் ஜேர்மனியை விட்டு நியூயோர்க் வந்து சேர்ந்த ருடொல்ப் ஷொனைமர் என்ற அறிஞர், பாரமான நைதரசனை அடையாளமாக இட்ட அமினோவமிலங்களை விலங்குகளுக்கு ஊட்டினார். உடம்பு முன்னரே கட்டி முடிந்த வீடு என்றால், புதிதாக வந்த செங்கல்லுக்கு அங்கே இடம் ஏது? உண்ட புரதம் எரிந்து உடனே வெளியேறவேண்டும். அப்படி நடக்கவில்லை. அடையாளமிட்ட அமினோவமிலங்கள் உறுப்புகளின் புரதத்துள்ளே புகுந்து அமர்ந்தன. பழையவை கழன்று வெளியேறின. அவர் இறந்து ஓராண்டின் பின், 1942இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரித்துரைத்தது. நமது தசை சுவர் அன்று. ஒரு பக்கம் மேசன் கல் வைத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் இன்னொருவன் கல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் விசித்திரமான கட்டடம். நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு தசைப்புரதம் இவ்வாறு மாறுகிறது. வைப்பதும் பிடுங்குவதும் சமமாயிருந்தால் தசை இருந்தபடி இருக்கும். பிடுங்குவது மிஞ்சினால் தேயும். காய்ச்சலிலும் காயத்திலும் உடம்பு தனக்கு வேண்டிய அமினோவமிலங்களைத் தசையிலிருந்தே எடுக்கிறது. பஞ்சத்தில் விதைநெல்லை எடுத்துக் குத்துவது போல.

அந்த மேசனை யார் ஏவுகிறார்? புரதம் சேர்ந்த உணவை உண்டவுடன் அவன் வேகமாகக் கல் வைக்கிறான். ஆனால் சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறான். மேலும் மேலும் ஊட்டினாலும் அடங்கியவன் எழுவதில்லை. எஞ்சிய புரதம் எரிந்து சிறுநீரில் யூரியாவாகப் போகிறது. பாரத்தைத் தூக்கும் பயிற்சியோ அவனை ஒரு நாள், இரண்டு நாள் விழிப்போடு வைத்திருக்கிறது. அந்த விழிப்பு நேரத்தில் உண்ணும் ஒவ்வொரு வேளை உணவும் முன்னிலும் கூடுதலாகக் கல்லாக மாறுகிறது. பயிற்சி செய்துவிட்டு உண்ணாதிருந்தாலோ, வைப்பது கூடினும் பிடுங்குவது அதனை விஞ்சியே நிற்கிறது. உண்ணாமல் உழைப்பதனாலும் ஊன் வளராது. உழைக்காமல் உண்பதனாலும் வளராது என்பதன் உள்விவரம் இதுவே.

உண்ணாமல் உழைப்பவன் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1945இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து, வாரந்தோறும் 22 மைல் நடந்தனர். உடம்பின் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கை இழந்தனர். நடை அவர்களின் தசையைக் காக்கவில்லை. உடலுழைப்பே உரம் என்று சொல்லிப் பழங்காலத்தைப் புகழ்வோர், கொழுந்துக் கூடையைச் சுமந்து ரொட்டியும் தேநீருமாக வாழ்ந்த மலையகத் தாய்மாரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். உலக்கை பிடித்த கைகள் எல்லாம் உரம் பெற்ற கைகள் அல்ல.

இனிச் சுமையின் கதைக்கு வருவோம். மைலோவின் கன்றை வைத்தியத்துக்குள் கொண்டுவந்தவர் தோமஸ் டிலோம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். இளமையில் கீல்வாதக் காய்ச்சலால் படுக்கையிற் கிடந்து, பின்னர் பாரந்தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் உடைந்து சிக்காகோ இராணுவ வைத்தியசாலைக்கு வந்த வீரர்களுக்கு, இலேசான அசைவுகளைப் பலமுறை செய்விப்பதே அக்கால வழக்கம். டிலோம் அதைத் தலைகீழாக்கினார். சில முறையே தூக்கக்கூடிய பெரும் பாரம். கால் தேறத் தேறப் பாரமும் ஏறவேண்டும். 1945இல் அவர் தமது முறையை வெளியிட்டார். படிப்படியாக ஏறும் சுமை என்ற இந்த ஒரு கருத்தே இன்றைய தசைப்பயிற்சி யாவற்றுக்கும் அடிப்படை.

ஆனால் அவர்கள் இளைஞர்கள். முதுமையில் தசை தேய்வது இயற்கை, அதற்கு மாற்று இல்லை என்றே வைத்தியரும் மற்றையோரும் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை உடைந்த இடம் பொஸ்டன் நகரத்திலே யூத முதியோருக்கென அமைந்த மறுவாழ்வு நிலையம். மரியா பியதரோன் என்னும் வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும் அங்கே வாழ்ந்த பத்துப் பேரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டனர். வயது 86 முதல் 96 வரை. பாரத்தைக் காலாலே தூக்கும் இயந்திரத்தில், தம்மால் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் நூற்றுக்கு எண்பது பங்கை, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் தூக்கவேண்டும். தொண்ணூறு வயதுக்கு இது தகுமா என்று அன்று பலர் திகைத்திருப்பர். ஒன்பது பேர் முடித்தனர். 1990இல் முடிவு வெளியாயிற்று. கால்களின் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடியிருந்தது. தொடையின் தசைப்பரப்பு நூற்றுக்கு 9 பங்கு பெருத்திருந்தது. கைத்தடியின்றி நடக்கமுடியாதிருந்தவர்களுள் இருவர் அதனைக் கைவிட்டனர்.

வலிமை அவ்வளவு கூடத் தசை இவ்வளவுதான் பெருத்தது ஏன் என்று மாணாக்கர் கேட்பர். நல்ல கேள்வி. வலிமை தசையில் மட்டும் இல்லை. உறங்கிக் கிடக்கும் நார்களை எழுப்பி ஒரே வேளையில் இழுக்கச் செய்வது நரம்பின் தொழில். பயிற்சியின் முதல் வாரங்களில் நரம்பே பாடம் கற்கிறது; தசை பின்னரே பருக்கிறது. இளைஞரிலும் அப்படித்தான்.

எனினும் என் மனத்திற் பதிந்தது 1990இன் செய்தியன்று. அதே குழுவினர் 1994இல் வெளியிட்டதே. இம்முறை நூறு பேர். சராசரி வயது 87. அவர்களை நான்கு கூறாக்கினர். ஒரு கூறினர் பத்து வாரம் பாரப்பயிற்சி செய்தனர். ஒரு கூறினர் பயிற்சியின்றி நாள்தோறும் சத்துப்பானம் ஒன்றை அருந்தினர். 360 கலோரி வலுவும், சோயாப் புரதமும் சேர்ந்த பானம் அது. ஒரு கூறினர் பயிற்சியும் செய்து பானமும் அருந்தினர். எஞ்சியோர் இரண்டுமின்றி இருந்தனர். பத்து வாரத்தின் பின் பார்த்தால், பயிற்சி செய்தோரின் வலிமை நூற்றுக்கு 113 பங்கு கூடியிருந்தது. நடையின் வேகம் ஏறத்தாழ 12 பங்கும், படியேறும் வலு 28 பங்கும் கூடியிருந்தன. பயிற்சி செய்யாதோரின் வலிமை நூற்றுக்கு மூன்று பங்கே அசைந்தது. தொடைத் தசையோ மேலும் தேய்ந்திருந்தது. தனித்து அருந்திய பானத்தால் வலிமையில் ஒரு பயனும் தெரியவில்லை.

அதற்கு மேலும் ஒன்று. பானம் மட்டும் அருந்தியோர் மொத்தத்திற் கூடுதலாக உண்ணவும் இல்லை. பானம் வந்ததும் தட்டில் இருந்த உணவைக் குறைத்துக்கொண்டனர். பயிற்சியும் பானமும் பெற்றவரே உண்மையில் முன்னிலும் அதிகமாக உண்டனர். உடம்பு வேலை செய்தால் பசிக்கிறது. பசித்தால் உணவு செல்லுகிறது. எவ்வளவு எளிய விடயம்! சத்துமாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, "அம்மா இப்ப சோறு சாப்பிடுகிறா இல்லை" என்று வருந்தும் வீடுகள் எத்தனையைக் கண்டிருக்கிறேன்.

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. காய்ச்சலென்று இரண்டு வாரம் படுத்தவர், காய்ச்சல் மாறிய பின்னும் கட்டிலையும் கதிரையையும் விட்டு எழுவதில்லை. கதிரையிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் ஊன்றித் தள்ளி எழுகிறார். "தம்பி, காலிலை பெலனில்லை. துலாக்கயிறு பிடிச்சு ஒரு தோட்டத்துக்குத் தண்ணி இறைச்ச ஆள் நான்" என்றார். மருமகள் நல்ல பெண். ஒரு கோப்பையைக்கூட அவரை எடுக்க விடுவதில்லை. மேசையில் இரண்டு தகரங்கள் இருந்தன. காய்ச்சல் பாதி எடுத்தது, அன்பு மீதியை எடுத்துக்கொண்டிருந்தது. இது மிகைக் கூற்றன்று. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயேதுமற்ற முதியவர்கள் பத்தே நாள் படுக்கையிற் கிடந்தனர். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மெலிதசையை இழந்தனர். அவர்கள் வேண்டிய புரதம் உண்டுகொண்டே படுத்திருந்தவர்கள்.

அப்படியாயின் புரதம் பெரிதல்ல என்று யாரும் கொள்ளவேண்டா. முதிய தசைக்கு ஒரு குறை உண்டு. அதன் செவி மந்தம். இளைஞனின் தசை ஒரு வேளையில் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராம் அளவு புரதம் வந்தாலே முழு வேகத்திற் கல் வைக்கும். முதியவரின் தசைக்கு ஏறக்குறைய 0.4 கிராம் வேண்டும். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு மூதாட்டிக்கு வேளையொன்றுக்கு 20 கிராம் என்றாகிறது. உலக சுகாதார நிறுவனம் முதலியன 2007இல் வளர்ந்தோர்க்கு வகுத்த அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம், முதியோர்க்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என 2013இல் ஓர் அறிஞர் குழு பரிந்துரைத்தது. பாரந்தூக்கும் இளைஞருக்கும் எல்லை உண்டு. 49 ஆய்வுகளை ஒன்றாக்கி 2018இல் வெளியான கணக்கெடுப்பு, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசை மேலும் வளர்வதாகக் காணவில்லை. புரதத்தை மேலதிகமாக உண்டோர் பயிற்சியால் மட்டும் வளர்ந்தோரிலும் கூடுதலாகப் பெற்றது சராசரியாக மூன்றிலொரு கிலோவுக்கும் குறைவான தசை. தகரங்களை அடுக்கும் தம்பிமார் இதனைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

நமது மூதாட்டிமாரின் தட்டையும் எண்ணிப் பார்ப்போம். காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோறும் மரக்கறியும், சில நாள் ஒரு துண்டு மீன், பின்னேரம் தேநீர், இரவில் பாண் இரண்டு துண்டு அல்லது கஞ்சி. நூறு கிராம் சோற்றிற் புரதம் இரண்டரைக் கிராம் அளவே. மதியம் மீன் இருந்தால் அந்த வேளை தப்பிற்று. காலையும் இரவும் மந்தச் செவிக்கு எட்டாத மெல்லிய குரல்கள். வீட்டில் மீன் பொரித்தால் நடுத்துண்டு பேரனுக்குப் போகிறது. தலையும் வாலும் தமக்குப் போதும் என்று ஒதுங்கும் பழக்கம் நமது தாய்மாருக்கு இன்னும் போகவில்லை. சாமத்தியப்பட்ட பெண்ணுக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க அறிந்த சமூகம், அதே உழுந்து எண்பது வயதிலும் வேண்டும் என்பதை அறியவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு கைப்பிடிப் பருப்பில், முப்பது கிராம் என்று வைத்துக்கொண்டால், 7 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராம். மச்சம் உண்ணாதோர் அஞ்சத் தேவையில்லை. அரிசியிற் குறைந்த லைசீன் பருப்பில் உண்டு, பருப்பிற் குறைந்த மெதியொனீன் அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்துண்ணும் வழக்கம் இரசாயனவியல் பிறக்குமுன்னரே நம்மிடம் இருந்தது. மீனும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் ஒரு கோப்பை, வெளிநாட்டுத் தகரத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று, விலையோ சொல்லவேண்டா. பல் போனவரும் அதனைக் குடிக்கலாம்.

பயிற்சிக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. நண்பரிடம் அன்று சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன். கையுள்ள உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைக்கவேண்டும். கையை ஊன்றியேனும் ஐந்து முறை எழுந்து மெதுவாக இருக்கவேண்டும். இருக்கும்போது தொப்பென்று விழக்கூடாது. ஐந்து எளிதானதும் எட்டு. எட்டு எளிதானதும் ஊன்றும் கையை எடுத்துவிடலாம். அதுவும் எளிதானால் ஒரு கொத்து அரிசியைப் பையிலிட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாள் ஓய்வு. எளிதாகிவிட்ட அளவிலேயே நின்றுவிட்டால் தசையும் அங்கேயே நின்றுவிடும். கன்று வளராவிட்டால் மைலோவும் வளர்ந்திருக்கமாட்டான். விட்டுவிட்டாலும் போய்விடும். பொஸ்டனில் 1990இல் பயிற்சி பெற்றவர்கள் அதனை நிறுத்தி நான்கு வாரத்தில், அடைந்த உச்ச வலிமையில் ஏறத்தாழ மூன்றிலொன்றை இழந்தனர்.

சிறுநீரக நோயுள்ளோர் புரதத்தைக் கூட்டுமுன்னும், நெஞ்சு நோயுள்ளோர் பயிற்சி தொடங்குமுன்னும் தமது வைத்தியரைக் கேட்கவேண்டும். முதற் சில நாள் பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது. நண்பரின் மருமகளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம். மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பாமல், விழாமற் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் அவருக்கு மிகக் கடினமாயிருக்கிறதாம்.